கேள்வி நேரம்: ஃபைபரும் ரெசினும் ஏன் பிரிகின்றன?

படகு பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். போன மழையில் உள்ளே தண்ணீர் புகுந்து மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ரோல்கள் நனைந்துவிட்டன. நன்றாக வெயிலில் காயவைத்துத்தான் ஒரு படகின் அடிப்பகுதியில் போட்டோம். சில மாதங்களில் அந்த இடம் அடுக்கடுக்காகப் பிரிந்து, இழைகள் வெள்ளையாகத் தொங்குகின்றன. ரெசின் மோசமா?
- நாகப்பட்டினம் வாசகர்

ரெசின்மேல் பழிபோடும் முன் பிரிந்த இடத்தில் ஒரு துண்டைக் கிழித்து, வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். இழைகள் நீளநீளமாக, வழவழவென்று, ரெசின் பொட்டுகூட ஒட்டாமல் உருவிக்கொண்டு வந்திருந்தால் ஒட்டல் விட்டுப்போயிருக்கிறது. குட்டையாக முறிந்து, மேலே ரெசின் சில்லுகளோடு இருந்தால் ஒட்டல் சரி. வேறு காரணம் தேட வேண்டும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முதல் வகை என்றே தோன்றுகிறது.

மேட்டில் இருக்கும் கண்ணாடியும், மேலே ஊற்றும் பாலியெஸ்டர் ரெசினும் தாமாக ஒட்டிக்கொள்ளும் ஜோடி அல்ல. கண்ணாடிக்குத் தண்ணீரோடுதான் உறவு. ஈரக்காற்று பட்டாலே அதன்மேல் நீர்ப்படலம் படிந்துவிடும். அதனால் ஆலையிலேயே ஒரு வேலை செய்கிறார்கள். உருகிய கண்ணாடி, பிளாட்டினம்-ரோடியம் தட்டின் துளைகள் வழியே இழையாக இறங்கும். அதைச் சுருளில் சுற்றுவதற்குள் ஓர் உருளையில் உரசவிட்டு மெல்லிய பூச்சு ஏற்றிவிடுவார்கள். தொழிலில் இதற்கு சைசிங் என்று பெயர். இழைகளைக் கட்டாகப் பிடிக்க ஒரு பாலிமர், உராய்ந்து அறுந்துவிடாமல் இருக்க ஒரு வழுக்குப் பொருள், கூடவே கொஞ்சம் சிலேன் என்ற சிலிக்கான் சேர்மம். அந்தக் கொஞ்சம்தான் உங்கள் படகைத் தாங்குகிறது. சிலேனின் ஒரு முனை கண்ணாடியோடு ஆக்சிஜன் வழியாகப் பிணைகிறது. மறுமுனையில் இருக்கும் மெத்தாக்ரைலேட், ஹார்ட்னர் கலந்ததும் பாலியெஸ்டரும், ரெசினில் அதைக் கரைத்து வைத்திருக்கும் ஸ்டைரீன் திரவமும் இறுகும்போது அவற்றோடு சேர்ந்துவிடுகிறது.

13 மைக்ரான் விட்டமுள்ள கண்ணாடி இழை 1 கிலோ எடுத்தால், அதன் மொத்த மேற்பரப்பு ஏறக்குறைய 120 சதுர மீட்டர். நம் கணக்கில் அரை கிரவுண்டுக்கும் சற்று அதிகம். அத்தனை பரப்புக்கும் சேர்த்து ஏறியிருக்கும் பூச்சு, எடையில் ஒரு சதவீத அளவு, அதாவது 10 கிராம்தான். வெள்ளம் புகுந்த ரோலில் இந்தப் பூச்சும், மேட்டைப் பிடித்திருக்கும் பைண்டரும் ஓர் இடத்தில் கழுவப்பட்டு இன்னோர் இடத்தில் திரளலாம். கைக்கு உலர்ந்ததாகத் தெரிந்தாலும் இழைக்கட்டுக்குள் ஈரம் தங்கியிருக்கும். உங்கள் ஊரில் அதோடு உப்பும் சேர்ந்துவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட உப்பு, ரெசின் வழியாகவே வெளித்தண்ணீரை மெல்ல மெல்ல உறிஞ்சி இழுக்கும்; கொப்புளம் கிளம்பும்.

பிரிந்த பகுதியை உறுதியான அடுக்கு வரும்வரை கிரைண்டரில் தேய்த்து எடுத்துவிட்டு, தூசி தட்டி, முழுக்கக் காயவிட்டு, பிரிக்காத புது ரோலில் இருந்து மேட் போடுங்கள். நனைந்த ரோலைத் தண்ணீர்த் தொட்டி மூடி, அச்சு என்று ஏதாவதற்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆள் ஏறிக் கடலுக்குப் போகும் படகில் அது வேண்டவே வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின, அவற்றைக் கட்டவும் பலர் கற்றுக்கொண்டார்கள். ஆனால் ரெசின் டிரம்முக்குக் கிடைக்கும் கவனிப்பு மேட் ரோலுக்குக் கிடைப்பதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம். ரோலைத் தரையில் வைக்காமல் பலகைமேல் ஏற்றி, பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் வையுங்கள்.

எப்பாக்ஸி ரெசின் இன்னும் உறுதி என்றார்களே என்று, பாலியெஸ்டருக்குப் போடும் அதே மேட்டில் ஊற்றினேன். மேட் இளகவே இல்லை, விறைப்பாக நிற்கிறது. ஏன்?
- தூத்துக்குடி வாசகர்

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மேட்டின் பைண்டர் ஸ்டைரீனில் கரைவதற்கென்றே செய்யப்பட்டது. பாலியெஸ்டரில் ஸ்டைரீன் இருக்கிறது. மேட் இளகி வளைவுகளில் படிந்துவிடும். எப்பாக்ஸியில் ஸ்டைரீன் கிடையாது. பைண்டர் கரையாததால் ரெசின் உள்ளே இறங்கத் திணறும், உலர்ந்த வெள்ளைத் திட்டுகள் நிற்கும். எப்பாக்ஸிக்கு நெய்த துணியோ, தைத்த மேட்டோ வாங்குங்கள். அதிலும் ஒன்று கவனிக்க வேண்டும்: எப்பாக்ஸியோடு கைகோக்க அமினோ அல்லது எப்பாக்ஸி வகை சிலேன் பொருந்தும். எந்த ரெசினுக்கான சைசிங் என்பது தயாரிப்பாளரின் தகவல் தாளில் இருக்கும். கடைக்காரரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

கண்ணாடி இழையின் சைசிங் பூச்சை உலையில் எரித்துவிட்டு, சுத்தமான கண்ணாடியில் நானே சிலேன் பூசினால் ஒட்டல் கூடாதா?
- கோவை, பொறியியல் மாணவி

ஒட்டலை அளந்து பார்க்க நல்ல சோதனை, செய்யுங்கள். ஆனால் இழுவிசையில் ஏமாற்றம் வரும். 450, 500 டிகிரி செல்சியஸ் சூட்டைக் கண்ட கண்ணாடி இழை, தன் வலுவில் பாதிக்கு மேலும்கூட இழந்துவிடும். சிலேன் அதை முழுதாகத் திருப்பித் தராது. பூச்சே ஏறாத இழையை ஆலையில் கேட்டு வாங்கினால், கையாளும்போது உராயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒட்டல் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதுதானே?
- சென்னை வாசகர்

எல்லா இடத்திலும் இல்லை. இழை சற்று உருவிக்கொண்டு வரும்போதும் அடுக்குகள் பிரியும்போதும் அடியின் ஆற்றல் செலவாகிறது. குண்டு துளைக்காத கண்ணாடி இழைத் தகடுகளில் வேண்டுமென்றே ஒட்டலைக் குறைத்து வைப்பார்கள். படகுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அது பொருந்தாது. அங்கே இடுக்கு விழுந்தால் நீர் நுழையும்.

தேங்காய் நாரை பாலிப்ரொப்பிலீனில் கலந்து பலகை அழுத்துகிறோம். நார் தனியாக உதிர்கிறது.
- பொள்ளாச்சி, நார்த் தொழில் செய்பவர்

நாரின் மேல் மெழுகுப் படலம் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள செல்லுலோஸும் லிக்னினும் தண்ணீரை விரும்பும் ரகம். பாலிப்ரொப்பிலீனோ தண்ணீரை அண்டவிடாது. முதலில் 5 சதவீத காஸ்டிக் சோடா கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்து, காரம் போகும்வரை அலசி, நன்றாக உலர்த்துங்கள். மெழுகு கழன்று மேற்பரப்பு சொரசொரப்பாகும், பிளாஸ்டிக் பற்றிக்கொள்ள இடம் கிடைக்கும். கரைசலின் வலுவைக் கூட்டினால் நாரே நைந்துவிடும். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் அந்தத் தொட்டி பக்கம் விடாதீர்கள்.

அப்புறம், பாலிப்ரொப்பிலீனோடு மலேயிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பாலிப்ரொப்பிலீன் குருணையை 2 முதல் 5 சதவீதம் சேர்த்து உருக்குங்கள். அதன் மலேயிக் பகுதி நாரைப் பிடிக்கும், நீண்ட சங்கிலி பிளாஸ்டிக்கோடு பின்னிக்கொள்ளும். முதலில் சிறு அளவில், குருணை போட்டும் போடாமலும் இரண்டு பலகை அழுத்தி, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து முறித்துப் பாருங்கள். முறிந்த முனையில் நார் எப்படி நிற்கிறது என்று எனக்கு எழுதுங்கள். படமும் அனுப்பினால் அளவைத் திருத்திச் சொல்ல வசதியாக இருக்கும்.