வாசலுக்குப் பச்சை வளையம்

கைவேலை டீச்சர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி கிறிஸ்துமஸ் வளையம் பற்றியவை. அதனால் தையல் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டீச்சர், வாசல் கதவில் கிறிஸ்துமஸ் ரீத் ஒன்றை நானே செய்து மாட்ட ஆசை. மாமியார், "ரீத்து சாவு வீட்டுக்குத்தான் வைப்பாங்க. நல்ல நாளும் அதுவுமா வாசல்ல மாட்டாதே" என்கிறார்கள். எப்படிச் சம்மதிக்க வைப்பது? (வாசகி, பாளையங்கோட்டை)

சம்மதிக்க வைக்கப் பார்க்காதீர்கள் அம்மா. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் "ரீத்" என்றாலும் "மலர்வளையம்" என்றாலும் கண்ணில் வருவது மாலை போட்ட பெட்டியும் அதன்மேல் சாய்த்து வைத்த வளையமும்தானே?

1989-இல் எனக்குக் கல்யாணமாகி நாகர்கோவில் பக்கத்துக் கிராமத்துக்குப் போனேன். அந்த முதல் கிறிஸ்துமஸுக்கு மூங்கில் பிளாச்சை வளைத்து, வெள்ளைச் செவ்வந்தியும் ஆஸ்பராகஸ் தழையும் வைத்துக் கட்டி வாசலில் மாட்டினேன். இரவு முழுக்க உட்கார்ந்து செய்தது. விடியற்காலையில் பால் வாங்கப் போன பக்கத்து வீட்டுப் பாட்டி எங்கள் நடையில் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஆரு போனது?" என்று கேட்டார்கள். உள்ளே இருந்த என் மாமனார் அப்போதுதான் நெஞ்சுவலி வந்து தேறிக்கொண்டிருந்தார். என் மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் வளையத்தைக் கழற்றிக் கொல்லைக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த வருஷம் டிசம்பர் பிறந்ததும் அவர்களே ஒரு பனங்குருத்தோலையோடு வந்தார்கள். "பூ வேண்டாம் மக்ளே, ஓலையில செய்வோம்" என்றார்கள். குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை மடித்து மடித்துப் பழகிய கை. விரல் அகலத்துக்கு ஓலையைக் கிழித்து ரோஜா மடிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்கள்தான். சிவப்பு ரிப்பனில் ஒரு சின்ன வெண்கல மணியைக் கட்டி, அந்த வளையத்தை வாசலில் மாட்டியதும் அவர்கள்தான். அந்த வருஷம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகள் மட்டும் வந்து மணியை ஆட்டிவிட்டு ஓடினார்கள்.

நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். புதுப்பூ வைக்காதீர்கள். வெள்ளையும் ஊதாவும் சேர்ந்து வரவே கூடாது. இலை, ஓலை, காய், விதை, இவற்றோடு நிறுத்துங்கள். சிவப்பு எங்காவது தெரிய வேண்டும். தாங்குகட்டையில் நிறுத்தி வைக்காமல், ரிப்பனில் தொங்கவிடுங்கள். பேரையும் மாற்றிவிடலாம். எங்கள் வீட்டில் அது "பச்சை வளையம்". இத்தனைக்குப் பிறகும் அவர்கள் மனம் ஒப்பவில்லை என்றால், அதே இலைகளை வளைக்காமல் நீளமாகக் கட்டி நிலைப்படியில் தோரணமாக விடுங்கள். தோரணத்தை வேண்டாம் என்று எந்த மாமியாரும் சொல்லமாட்டார்.

கேள்வி: சவுக்குக் கொப்புகளை வைத்து வளையம் செய்தேன். மூன்றாம் நாளே வாசல் முழுக்கக் குப்பை. எங்கே தவறு? (வாசகர், வேளச்சேரி, சென்னை)

உங்கள் கையில் தவறில்லை, சவுக்கின் குணம் அது. நாம் ஊசி இலை என்று நினைப்பது உண்மையில் கணுக் கணுவாக இருக்கும் மெல்லிய தண்டு. காய்ந்தால் கணுவுக்குக் கணு உடைந்து விழும். மணல் வாளியில் நட்டுக் கிறிஸ்துமஸ் மரமாக நிறுத்தினால் ஒரு வாரம் பொறுக்கும். கம்பியில் இறுக்கிக் கட்டினால் பொறுக்காது. அதன் காய்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சுண்டைக்காய் அளவில், குட்டிப் பைன் காய் போலவே இருக்கும் அவை எத்தனை வருஷமானாலும் உதிராது.

சமவெளியில் இலைக்கு நான் சொல்வது தூஜா. வீட்டு முன்னால் வளர்ப்பார்களே, விசிறி விசிறியாக இருக்கும் செடி. இரண்டு வாரம் நிறம் தாங்கும். தைல மரத்து இலை காய்ந்தாலும் உதிராது, வாசனையும் போகாது. மாவிலை சுருண்டாலும் காம்பை விடாது. வேப்பிலை வேண்டவே வேண்டாம், மறுநாளே கொட்டிவிடும்.

நான் இப்போது இருப்பது குன்னூரில். இங்கே சைப்ரஸ் மரக் கிளை கிடைக்கும், தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக்கும் கிடைக்கும். சில்வர் ஓக் இலையின் அடிப்பக்கம் வெள்ளி போல மின்னும். பத்து இலைக்கு ஓர் இலையைத் திருப்பி வைத்துக் கட்டினால் பனி படிந்த மாதிரி இருக்கும், பஞ்சு ஒட்டவே தேவையில்லை. மலைக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: காட்டுக்குள் போய்க் கிளை ஒடிக்காதீர்கள். அது வனச் சட்டப்படி குற்றம். கவாத்து செய்யும் தோட்டங்களில் கேட்டாலே அள்ளித் தருவார்கள்.

இனி கட்டும் முறை. கட்டடத்துக்கு இரும்பு கட்டுவார்களே, அந்தக் கட்டுக்கம்பியை வாங்கி நான்கு சுற்றாக வளைத்து முறுக்குங்கள். ஓர் அடி விட்டம் போதும். அதன்மேல் வைக்கோலைப் பிரியாகச் சுற்றி, சணலால் இறுக்குங்கள். இந்த வைக்கோலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வெறும் கம்பியில் கட்டினால் கொத்து சுழன்று சுழன்று தொங்கும். வைக்கோல் இருந்தால் பிடித்துக்கொள்ளும், வளையத்துக்கும் சதைப்பிடிப்பு வரும்.

இலைகளை அரைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, மூன்று நான்கை ஒரு கொத்தாக்குங்கள். இப்படி இருபது கொத்துக்கு மேல் வேண்டும். முதல் கொத்தின் காம்பைச் சணலால் மூன்று சுற்று சுற்றுங்கள், சணலை அறுக்காதீர்கள். இரண்டாம் கொத்தின் தலை முதல் கொத்தின் காம்பை மூடும்படி வைத்து மீண்டும் சுற்றுங்கள். ஓடு வேய்கிற மாதிரிதான். எல்லாக் கொத்தும் ஒரே திசையில் போக வேண்டும். கடைசிக் கொத்தின் காம்பை முதல் கொத்தின் தலையைத் தூக்கி அதனடியில் செருகிவிட்டால் தொடக்கமும் முடிவும் தெரியாது. அவசரப்பட்டு இடைவெளி விட்டால் இலை சுருங்கும்போது வைக்கோல் பல்லிளிக்கும். அதனால் முதல் நாளே கண்ணுக்குக் கொஞ்சம் அதிகம் என்று படும் அளவுக்கு நெருக்கிக் கட்டுங்கள்.

கேள்வி: சிவப்பு மணிகளுக்குக் குன்றிமணி கோத்து வைக்கலாமா? எங்கள் தோட்ட வேலியில் நிறையக் கிடக்கிறது. (வாசகி, தூத்துக்குடி)

வேண்டாம். அழகுதான், பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்பார்கள், பொற்கொல்லர்கள் அதை வைத்துத் தங்கம் நிறுத்த காலமும் உண்டு. ஆனால் உள்ளே இருப்பது அப்ரின் என்ற கடும் நஞ்சு. ஓடு முழுதாக இருக்கும்வரை நஞ்சு உள்ளேயே அடைபட்டிருக்கும். கோப்பதற்காகத் துளைத்தால் அந்தக் காவல் போய்விடும். தூசியும் கையில் படும். உதிர்ந்த மணியை ஒரு குழந்தை மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அரளிக் காயையும் இதே காரணத்துக்காகத் தொடாதீர்கள்.

உங்களுக்குப் பக்கத்திலேயே இராமநாதபுரம் குண்டு மிளகாய் இருக்கிறதே! 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய். காய்ந்ததும் அதன் உருண்டையும் பளபளப்பும் எந்த பிளாஸ்டிக் மணிக்கும் வராது. காம்போடு வாங்கி, காம்பில் நூலைச் சுற்றி மூன்று மூன்றாகக் கட்டுங்கள். குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். கட்டி முடித்ததும் கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். இடையிடையே அன்னாசிப்பூவும் ஒரு துண்டுப் பட்டையும் வைத்தால் வாசலைத் தாண்டும்போதெல்லாம் வாசனை வரும்.

கேள்வி: ஆரஞ்சு வில்லைகளைக் காயவைத்தேன், பூஞ்சை பிடித்துவிட்டது. (வாசகி, நாகர்கோவில்)

வடகிழக்குப் பருவமழையில் வெயிலை நம்பிக் காயவைத்தால் அப்படித்தான் ஆகும். கால் அங்குலத்துக்கு மேல் தடிமன் வேண்டாம். துணியில் ஒற்றி ஈரம் எடுத்துவிட்டு, கேக் சுடும் ஓவனில் 100 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் வையுங்கள், நடுவில் ஒருமுறை திருப்புங்கள். ஓவன் இல்லையென்றால் இந்த வருஷம் ஆரஞ்சு வேண்டாம், ஓலை ரோஜாவே போதும்.

கேள்வி: வீட்டில் நான்கு மெழுகுவர்த்தி வளையம் வைக்க விரும்புகிறோம். நிறங்களுக்கு என்ன பொருள்? பாதுகாப்பாக எப்படி அமைப்பது? (வாசகர், மதுரை)

இது கதவில் மாட்டுவது அல்ல, மேசையில் படுத்திருப்பது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைத் திருவருகைக் காலம் என்கிறோம். ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டே போவோம். பல கோயில்களில் மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். ரோஜா மூன்றாம் ஞாயிறுக்கு, அது மகிழ்ச்சியின் ஞாயிறு. நடுவில் வெள்ளை ஒன்றை வைத்து, கிறிஸ்து பிறப்பு இரவில் ஏற்றுவார்கள்.

இதன் பிறப்பு எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் யோகான் ஹின்ரிக் விஹெர்ன் என்ற போதகர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடத்தினார். "கிறிஸ்துமஸ் எப்போ வரும்?" என்று பிள்ளைகள் தினமும் நச்சரிக்க, 1839-இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும் இருபது சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகளையும் நிறுத்தினார் என்கிறார்கள். ஞாயிறுக்குப் பெரியது, வேலை நாளுக்குச் சின்னது. எண்ணத் தெரிந்த பிள்ளை எண்ணிக்கொள்ளலாம். பச்சைக் கிளை சுற்றுவது பிறகு வந்த பழக்கம். உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் நாள் எண்ணும் வேலையை அதனிடமே கொடுத்துவிடுங்கள்.

அமைப்பதற்கு ஓர் எவர்சில்வர் தாம்பாளம் எடுத்து மணல் பரப்புங்கள். நான்கு பெரிய அகல் விளக்குகளில் மணல் நிரப்பி அவற்றில் மெழுகுவர்த்தியை நடுங்கள். இலை மணலோடு ஒட்டித் தாழ்வாக இருக்கட்டும், சுடருக்குப் பக்கத்தில் எதுவும் நிமிர்ந்து நிற்கக் கூடாது. சைப்ரஸ் காய்ந்தால் பிசினோடு பொசுக்கென்று பற்றிக்கொள்ளும், ஆகையால் வாரம் ஒருமுறை இலையை மாற்றுங்கள். முதலில் ஏற்றும் மெழுகுவர்த்தி நான்கு ஞாயிறும் எரிய வேண்டும், அதை மட்டும் உயரமாக வாங்குங்கள். ஜெபம் முடிந்ததும் அணைத்துவிடுங்கள். எரிய விட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

கேள்வி: எப்போது கழற்றுவது? பழைய வளையத்தை என்ன செய்வது? (வாசகி, கோத்தகிரி)

எங்கள் வீட்டில் ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று. சணலை ஒரே இடத்தில் அறுத்தால் முழுதும் உருவிக்கொண்டு வரும். இலையும் வைக்கோலும் உரக்குழிக்கு. அடுப்பில் போடாதீர்கள், சைப்ரஸ் பொறி பறக்கும். மிளகாயைக் குழம்புக்கு எடுக்க வேண்டாம், ஒரு மாதம் வாசல் தூசி தின்றது அது. ஓலை ரோஜாக்களை அட்டைப் பெட்டியில் இரண்டு கிராம்போடு மூடி வையுங்கள். கம்பி வளையத்தில் துரு தெரிந்தால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, பரணில் ஈரம் படாத மூலையில் வையுங்கள்.