வலி குறைந்துவிட்டது, இனி பீடி சுற்ற உட்காரலாமா?

தம்பி, அம்மாவுக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பில் ஸ்க்ரூ வைத்து எலும்பைச் சேர்த்து ஆறு வாரம் ஆகிறது, வலி குறைந்ததால் முக்கூடல் வீட்டில் மறுபடி பீடி சுற்றச் சுளகை மடியில் வைக்கப் பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போது விடாதீர்கள். வலி குறைந்தால் எலும்பு ஒட்டிவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஸ்க்ரூவும் கம்பியும் அதுவரை தாங்கிப் பிடிப்பவைதான், எலும்பு உறுதியாகச் சேரப் பல மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். தரையில் சம்மணம் போட்டு, முதுகைக் குனிந்து, பக்கத்தில் இருக்கும் இலையை எடுக்க இடுப்பைத் திருப்பி என்று, இப்போது கூடாதது அத்தனையும் அந்த ஒரே வேலையில் இருக்கிறது.

அப்புறம் புகையிலை. நிகோட்டின் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும், தூளைக் கையால் அள்ளும்போது தோல் வழியாகவும் அது உடம்பில் ஏறும். டாக்டரிடம் அம்மாவின் தொழிலைக் கட்டாயம் சொல்லுங்கள், பலர் சொல்வதே இல்லை. எக்ஸ்ரே பார்த்து அவர் முடிவு சொல்லட்டும்.

அதுவரை வெயில் ஏறுமுன் தெருவில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கட்டும், ஆற்றுப் படித்துறைக் குளியல் வேண்டாம். எழும்போது ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழச் சொல்லுங்கள். காய்ச்சல், தையலில் கசிவு, காலில் பலம் குறைவது, சிறுநீர் போவதில் சிக்கல், இதில் எது வந்தாலும் ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காமல் உடனே கூட்டிப் போங்கள்.