தொடக்கநிலை 2 மாணவிக்கு மீத்திறன் பயிற்சி வகுப்பு தேவையா?

வாசகர் கேள்வி: நாங்கள் சிங்கப்பூரின் யீஷூனில் வசிக்கிறோம். தொடக்கநிலை 2இல் படிக்கும் என் மகள், பள்ளியில் தரும் கணக்குகளைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டுச் சலிப்பாக இருக்கிறது என்கிறாள். இப்போதே சேர்த்தால் மீத்திறன் தேர்வுக்குத் தயாராகிவிடலாம் என்று ஒரு துணைப்பாட நிலையத்தில் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: தேர்வைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1984இல் தொடங்கிய மீத்திறன் மாணவர் கல்வித் திட்டம், அதாவது மிகுந்த அறிவுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான திட்டம், ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்பது தொடக்கப்பள்ளிகளில் சேர்த்து வந்தது. அந்த வடிவத்தில் அது தொடராது என்று பிரதமர் லாரன்ஸ் வோங் 2024ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அறிவித்தார். அதன் இடத்தில் வரும் புதிய முறையில், முன்பிருந்த இரண்டு கட்டத் தேர்வுக்குப் பதிலாகத் தொடக்கநிலை 3இல் ஒரே கட்டத் தேர்வு நடைபெறும். அதனுடன், ஆசிரியர் வகுப்பில் கண்டறிந்தவையும் பிள்ளையின் அன்றாடப் பாடப்பணிகளும் கணக்கில் கொள்ளப்படும். இதற்காகப் பள்ளி மாற வேண்டியதில்லை. கணிதத்தில் மட்டும் வல்ல பிள்ளைக்கும் வாய்ப்பு உண்டு. ஆகவே தேர்வுத்தாள் பயிற்சிக்காக இந்த வயதில் பணம் கட்ட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

உண்மையில் கவனிக்க வேண்டியது உங்கள் மகளின் சலிப்பைத்தான். பெற்றோர் பலர் இதற்குக் காணும் தீர்வு, அடுத்த ஆண்டுப் பாடத்தை இந்த ஆண்டே நடத்துவது. அதனால் அடுத்த ஆண்டு அவளுக்கு வகுப்பில் புதிதாக எதுவும் இருக்காது; சலிப்பு இரட்டிப்பாகும். பழைய மீத்திறன் திட்டமே பாடத்தை முந்தி ஓடுவதைவிட ஆழப்படுத்துவதையே அடிப்படையாகக் கொண்டிருந்தது என்பதைப் பெற்றோர் பலர் கவனிக்கவில்லை.

ஆழம் என்பது என்ன? இன்று மாலை அவளிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ஒரு கடையில் 3 வெள்ளி (டாலர்) மதிப்புள்ள வில்லைகளும் 5 வெள்ளி மதிப்புள்ள வில்லைகளும் மட்டுமே செல்லும், மீதி தரமாட்டார்கள், எந்தெந்த விலைகளைச் சரியாகக் கொடுக்க முடியாது? 1, 2, 4 என்று உடனே சொல்வாள். சற்று நேரம் கழித்து 7 என்பாள். அதற்கு மேல் ஏதாவது உண்டா என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். 8, 9, 10 ஆகிய மூன்றையும் கொடுக்க முடிந்தால், ஒவ்வொன்றுடனும் 3 வெள்ளி வில்லைகளைச் சேர்த்துக்கொண்டே போய் மற்ற எல்லா விலைகளையும் கொடுத்துவிடலாம் என்று அவளே கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆகலாம், ஆகட்டும். இதற்குக் கூட்டல் தெரிந்தால் போதும். ஆயினும் “எப்போதும் முடியும்” என்பதற்குக் காரணம் காட்டும் பழக்கம், அதாவது கணிதத்தின் உயிர்நாடி, இதில் அடங்கியிருக்கிறது.

இத்தகைய கணக்கில் அவள் தடுமாறும்போது அழக்கூடும். எல்லாவற்றையும் எளிதில் முடித்துப் பழகிய பிள்ளைக்குத் தவறு செய்வது பெரிய அதிர்ச்சி. ஒன்பது வயதுக்குரிய சிந்தனை இருந்தாலும் மனம் இன்னும் ஏழு, எட்டு வயதுக்குரியதே. அப்போது விடையைச் சொல்லிவிடாதீர்கள். “நீ கெட்டிக்காரி, உனக்கு வரும்” என்றும் சொல்ல வேண்டாம், ஏனெனில் வராவிட்டால் தான் கெட்டிக்காரி அல்ல என்று அவள் முடிவுகட்டிவிடுவாள். இதுவரை எதை முயன்றாள் என்று கேட்டு, அந்த முயற்சியைப் பற்றிப் பேசுங்கள்.

மொழியிலும் இதைச் செய்யலாம், அதுவும் தமிழில். எம்ஆர்டி ரயிலைப் பெயர் சொல்லாமல் விடுகதையாக்கச் சொல்லுங்கள். எதை மறைப்பது, எதைக் காட்டுவது என்று அவள் சொற்களைத் தேடும்போது நடப்பது எந்தப் பயிற்சித்தாளுக்கும் குறைந்ததன்று. வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலம் பின்தங்கும் என்று அஞ்சி இதைக் கைவிட வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இவற்றுக்குப் பிறகும் வகுப்பு வேண்டும் என்று தோன்றினால், பணம் கட்டுமுன் ஒரு பாடவேளை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பிள்ளை விடை சொன்னதும் ஆசிரியர் அடுத்த கணக்குக்குப் போகிறாரா, “எப்படிக் கண்டாய்?” என்று கேட்கிறாரா என்பதை மட்டும் கவனியுங்கள். பெற்றோர் ஆசிரியர் சந்திப்பிலும் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பதைவிட, வேலையைச் சீக்கிரம் முடித்தபின் மகள் வகுப்பில் என்ன செய்கிறாள், அந்த நேரத்துக்கு வேறு ஒரு கணக்கைத் தர இயலுமா என்று கேளுங்கள். முடிந்தால் அவள் வீட்டில் எழுதிப் பார்த்த வில்லைக் கணக்குத் தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.