கோடு யார் அக்கவுண்டில் இருக்கிறது?

கேள்வி: பத்தமடைப் பாய்களை ஆன்லைனில் விற்க, பாளையங்கோட்டையில் ஒரு தம்பியிடம் வெப்சைட் செய்யக் கொடுத்தேன். கோடு (வெப்சைட்டை இயக்கும் நிரல்) முழுக்க, கோடைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப்பில் அவருடைய அக்கவுண்டில் இருக்கிறது. இன்னும் 8,000 ரூபாய் பாக்கி. அடுத்த மாதம் சென்னைக்கு வேலைக்குப் போகிறார். "உங்களை கொலாபரேட்டராச் சேர்த்துவிடுதேன் அண்ணாச்சி, அது போதும்" என்கிறார். போதுமா? பாய்ப் படம் ஏற்றும் பையனுக்கும், புகார் கவனிக்கும் பெண்ணுக்கும் என்ன அனுமதி கொடுக்கலாம்?
– பாய் வியாபாரி, பத்தமடை

பதில்: போதாது. தனிநபர் அக்கவுண்டில் இருக்கும் ரெப்போவுக்கு (கோடு இருக்கும் பெட்டகம்) ஓனர் ஒருவர்தான். கொலாபரேட்டர், அதாவது சேர்ந்து வேலை செய்பவர், கோடை எடுக்கலாம், திருத்தி ஏற்றலாம். இன்னொருவரைச் சேர்க்கவோ ரெப்போவை இடம் மாற்றவோ முடியாது. நாளைக்கு அவர் உங்களை நீக்கினால் கேட்க வழியில்லை.

கடை மெயிலில் ஒரு அக்கவுண்ட் தொடங்கி, அதிலிருந்து இலவச ஆர்கனைசேஷன் (கடையின் பேரில் இருக்கும் பொது அக்கவுண்ட்) ஒன்றைத் திறங்கள். தம்பியை அதில் மெம்பராக அழையுங்கள். அழைப்பு 7 நாளில் காலாவதியாகிவிடும். அவர் ரெப்போவின் செட்டிங்ஸில் அடிவரை இறங்கினால் 'டேஞ்சர் ஸோன்' வரும். அங்கே 'டிரான்ஸ்ஃபர்' கொடுத்து உங்கள் ஆர்கனைசேஷனைக் குறிக்க வேண்டும். பழைய திருத்த வரலாறும் கூடவே வந்துவிடும். வீட்டில் நம்பிக்கையான இன்னொருவரையும் ஓனர் ஆக்கிவையுங்கள். ஒரு போன் தொலைந்தால் எல்லாம் பூட்டிக்கொள்ளக் கூடாது.

பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். ஆளை நீக்கினாலும் அவர் போட்ட டெப்ளாய் கீ (வெப்சைட் ஓடும் சர்வர் ரெப்போவுக்குள் நுழையும் சாவி) அப்படியே வேலை செய்யும். அது ஆளோடு அல்ல, ரெப்போவோடு கட்டியது. செட்டிங்ஸில் 'டெப்ளாய் கீஸ்' பக்கத்தைத் திறந்து, சர்வருக்குப் புதுச் சாவி போட்டபின் பழையதை அழியுங்கள். ஆன்லைனில் பணம் வாங்கும் பேமென்ட் கேட்வேயின் சாவியையும் மாற்றுங்கள். ஆனால் அவர் லேப்டாப்பில் இருக்கும் கோடின் பிரதி அழியாது, அவரிடமே இருக்கும்.

இனி அனுமதிகள். ரெப்போவில் ஒருவருக்குக் கொடுக்கும் ரோல்கள் (அனுமதி அளவுகள்), குறைந்ததிலிருந்து கூடியது வரை, ஐந்து: ரீட், ட்ரையேஜ், ரைட், மெயின்டெயின், அட்மின். புகார்களை கிட்ஹப்பில் இஷ்யூவாக (கவனிக்க வேண்டிய குறிப்பாக) பதிகிறீர்கள் என்றால் அந்தப் பெண்ணுக்கு ட்ரையேஜ்: லேபிள் ஒட்டலாம், முடித்துவைக்கலாம், கோடைத் தொட முடியாது. படம் ஏற்றும் பையனுக்கு கிட்ஹப்பே வேண்டாம், வெப்சைட்டின் அட்மின் பக்கம் போதும். இனிமேல் வேலை செய்யும் டெவலப்பருக்கு ரைட், அதாவது கோடைத் திருத்தும் அனுமதி. ஆனால் இலவசத் திட்டத்தில் பிரைவேட் ரெப்போவுக்கு பிராஞ்ச் பாதுகாப்பு (இன்னொருவர் சரிபார்க்காமல் திருத்தம் ஏறாதபடி தடுக்கும் வசதி) கிடையாது. 6,500 ரூபாய்ப் பட்டுப்பாய் தவறுதலாக 650 என்று ஏறினாலும் தடுக்க ஆளிருக்காது. ஆகவே ரைட் ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும்.

இன்னொன்று. காசு கொடுத்ததாலேயே கோடு உங்களுடையது ஆகிவிடாது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியர் அல்லாத ஒருவர் எழுதிய சாஃப்ட்வேரின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எழுதியவரே. 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், அவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதில் காலத்தைக் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, எல்லையைக் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் கொள்வார்கள்; இரண்டையும் எழுதிவாங்குங்கள். கையெழுத்தும் டிரான்ஸ்ஃபரும் முடிந்த அன்றைக்கே பாக்கி 8,000 ரூபாயைத் தம்பிக்குக் கொடுத்துவிடுங்கள்.