தோழி வசதியான வீட்டில் வாழ்க்கைப்பட்டுவிட்டாள். அவளோடு பழகுவது என் கணவருக்குப் பிடிக்கவில்லை. நட்பை விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். நான் ஒரு முறை விடப் பார்த்தவள், அதனால் சொல்கிறேன்.

எங்களுக்குக் குடியாத்தம். என் அம்மாவும் அவள் அம்மாவும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றியவர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாங்கள் இருவரும் நனைந்த இலையைத் தகடு வைத்து வெட்டிக் கொடுப்போம், சுற்றி வைத்ததைத் தலை மடித்து 25 பீடியாக எண்ணிக் கட்டுவோம். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு வரும் படிப்பு உதவித்தொகைக்கு ஒன்றாக உட்கார்ந்து படிவம் எழுதினோம். 2013-ல் இரண்டு மாத இடைவெளியில் கல்யாணமும் ஆனது. அரசாங்கத்தின் திருமண உதவித் திட்டத்தில் இருவருக்கும் அதே 25 ஆயிரம் ரூபாய், தாலிக்கு அதே 4 கிராம் தங்கம். அதுவரை எங்களுக்குள் ஒரு குண்டுமணி வித்தியாசம் கிடையாது.

அவளுக்குச் செவ்வாய் தோஷம். அதே தோஷமுள்ள வரனாகத் தேடியதில் ஆற்காட்டில் ரைஸ் மில் வைத்திருக்கும் குடும்பம் அமைந்தது. என் வீட்டுக்காரர் விசைத்தறியில் லுங்கி ஓட்டுகிறார். நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறேன்.

2019 மாசியில் என் மகளுக்குக் காது குத்தினோம். ஆற்காட்டிலிருந்து காரில் வந்து இறங்கினாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அரைச் சவரன் மோதிரத்தைப் போட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் மொய் நோட்டை விரித்துவைத்து விரலால் வரிவரியாகத் தள்ளிக்கொண்டே போனார். 101, 201, 201, 500. அடுத்து மோதிரத்தை எழுதியிருந்த வரியில் விரல் நின்றுவிட்டது. "இதை எப்படிம்மா திருப்பிச் செய்யப் போறோம்?" என்று கேட்டார்.

மொய் வாங்குகிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வந்ததை அதே அளவுக்காவது திருப்பிச் செய்தால்தான் தலை நிமிர்ந்து நடக்க முடியும். அவள் ஆசையாகப் போட்டது எங்கள் வீட்டில் கடனாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

பிறகு ஒரு நாள் அவள் கணவர், நல்ல எண்ணத்தோடுதான், "மில்லுல மேஸ்திரி வேலை காலியா இருக்கு, வந்துடுங்களேன்" என்று இவரைக் கேட்டார். இவர் சிரித்துக்கொண்டே "பார்க்கலாம் சார்" என்றார். அதற்கு முந்தின நிமிஷம்வரை அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு வந்த 'சார்' அப்புறம் போகவில்லை. எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் "உன் பணக்கார ஃப்ரெண்டு" என்று முடியும். நானும் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடக் கட்டணத்துக்குப் பணம் புரளாத ஒரு நாள், "அவளுக்கு அமைஞ்ச மாதிரி எனக்கு அமையல" என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து தறிக் கொட்டகைக்குப் போய் இரண்டு ராத்திரி அங்கேயே படுத்துக்கொண்டார். நான் சொன்னதிலேயே கொடுமையான வார்த்தை அதுதான். தோழி எந்தத் தப்பும் செய்யவில்லை, அவரும் செய்யவில்லை. அவளை வைத்து அவரை அடித்தது நான்.

வைகாசி முதல் தேதி எங்கள் ஊரில் கங்கையம்மன் சிரசுத் திருவிழா. எங்கே வாழ்க்கைப்பட்டாலும் குடியாத்தத்துப் பெண்கள் அன்றைக்கு ஊருக்கு வந்துவிடுவார்கள். 2023-ல் வந்தவள் கையோடு புதுவீட்டுப் பத்திரிகையும் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு வாரத்தில் கிரகப்பிரவேசம். அப்போது தங்கம் சவரன் 45 ஆயிரத்தைத் தொட்டிருந்தது. மோதிரம் போட்டபோது 25 ஆயிரம் சுமார்தான். அரைச் சவரன் என்றால் இருபத்திரண்டாயிரம், சேதாரமும் செய்கூலியும் தனி. மகளிர் குழுக் கடனே பாதி அடைபடாமல் இருந்தது. வட்டிக்கு வாங்கலாம் என்றார் இவர், வேண்டாம் என்றேன். வெறுங்கையோடு போகவும் மனசு வரவில்லை. பாப்பாவுக்கு ஜுரம் என்று போனில் பொய் சொல்லிவிட்டேன்.

கிரகப்பிரவேசம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் பிரெட்டுமாக வாசலில் வந்து நின்றாள். கார் இல்லை, வேலூரில் பஸ் மாறி வந்திருக்கிறாள். என் மகள் தெருவில் நொண்டி ஆடிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, ஜுரம்னு சொன்ன. பொண்ணு தெருவுல ஆடினு கீறா?"

எனக்கு வாய் வரவில்லை. உள்ளே போய் மொய் நோட்டை எடுத்துவந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். பார்த்தாள். நோட்டை மூடிப் பக்கத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினாள்.

"எங்கம்மா வீட்டுலேருந்து ஏழு தட்டுதாண்டி சீர் வந்துது. என் ஓரகத்திக்கு அவங்க வீட்டுலேருந்து நாப்பத்தியொண்ணு. என் மாமியார் எல்லார் முன்னாடியும் எண்ணிச் சொன்னாங்க. நீ வந்து ஒரு தட்டத் தூக்கினு என் பக்கத்துல நின்னிருக்கக் கூடாதா?"

பத்து வருஷமாக அந்த வீட்டில் 'வெறுங்கையோடு வந்தவள்' என்று பேர் வாங்கியிருக்கிறாள். காய்கறிக்குக்கூட மாமியாரிடம் கேட்டுத்தான் காசு. அந்த மோதிரமே தனக்கு வளைகாப்பில் வந்த பணத்தை ஒளித்து வைத்து வாங்கியதாம். இதையெல்லாம் அவளும் என்னிடம் சொன்னதில்லை. வசதியான வீட்டில் இருக்கிறவளுக்கு என்ன குறை என்று நானும் கேட்டதில்லை. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. ஆனாலும் வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று சீர் என்ற பெயரில் பிறந்த வீட்டை உறிஞ்சுவது நிற்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சிரசுத் திருவிழாவுக்கு எங்கள் பாட்டி சொல்லும் கதை ஒன்று உண்டு. ரேணுகாதேவியை வெட்ட மகனே துரத்தி வந்தபோது, ஓர் ஏழைப் பெண் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாளாம், இரண்டு தலையும் சேர்ந்து விழுந்ததாம். சிறுவயதில் நாங்கள் இருவரும், அந்த மாதிரி வந்தால் நீ என்னைப் பிடித்துக்கொள்வாயா என்று மாறி மாறிக் கேட்டுக்கொள்வோம். அவள் போன பிறகு அதுதான் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

உங்கள் கணவருக்கு அவளைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். எந்த இடத்தில் அவருக்குச் சுருக்கென்று தைத்தது என்று கேளுங்கள். நான் கேட்டபோது மில் வேலையைப் பற்றி நாலு வருஷம் கழித்துப் பேசினார். அவளிடம் உங்களால் எவ்வளவு முடியும் என்பதை ரூபாய்க் கணக்காகவே சொல்லிவிடுங்கள். முதல் தடவைதான் நாக்கு கூசும்.

அந்தக் கிரகப்பிரவேசத்துக்கு அடுத்த வருஷம் அவள் மகனுக்குக் காதுகுத்து. தேங்காய், பழம், பூ, ஒரு காட்டன் புடவை, மொய் 501 ரூபாய். அதற்கு மேல் எங்களால் முடியாது என்று முன்னாடியே அவளிடம் சொல்லியிருந்தேன். மண்டப வாசலில் அவள் அம்மா வீட்டுத் தட்டுகள் கிளம்பும்போது எங்கள் தட்டை நான் எடுக்கப் போனேன். இவர் என்னைத் தள்ளிக்கொண்டு குனிந்து, "நீ குழந்தையப் பிடி" என்று தானே தூக்கிக்கொண்டு வரிசையில் நடந்தார். மோதிரம் இன்னும் எங்கள் நோட்டில் அப்படியே இருக்கிறது.