ஜீப் மேல் ஏன் இத்தனை பேருக்கு இவ்வளவு ஆசை? அதன் வரலாறு என்ன?

நீங்கள் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். ஒன்று, ஜீப்பின் வரலாறு. இன்னொன்று, "மைலேஜ் கிடையாது, உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது, இந்தத் தகர டப்பாவுக்கா இவ்வளவு பெருமை?" என்பது. வரலாறு மட்டும் கேட்டிருந்தால் நான் பதில் எழுத வந்திருக்கவே மாட்டேன். அதைச் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தகர டப்பா என்று எழுதினீர்கள் பாருங்கள், அதுதான் என்னை உட்கார வைத்தது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தத் தகர டப்பாவால்தான்.

நீங்கள் நகரத்தில் இருப்பவர், வீட்டில் யாரோ மஹிந்திராவின் 'தார்' ஜீப் வாங்க வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள், அந்தப் பணத்துக்குச் சொகுசான கார் வருமே என்று நீங்கள் யோசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் யோசனையில் தப்பில்லை. ஆபீசுக்கும் கல்யாண வீட்டுக்கும் போக ஜீப் வேண்டியதில்லை. ஆனால் ஒரு வண்டியை அது எந்த வேலைக்காகப் பிறந்ததோ அந்த இடத்தில் வைத்துப் பார்க்காமல் மதிப்புப் போடக் கூடாது.

என் அப்பா போடிநாயக்கனூரில் ஏலத்தோட்ட ஜீப் ஓட்டியவர். எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: போடியிலிருந்து முந்தல் வழியாக மலை ஏறினால் 17 கொண்டை ஊசி வளைவுகள், உச்சியில் போடிமெட்டு, அதைத் தாண்டினால் கேரளா. பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று அந்தப் பக்கம் முழுக்க ஏலக்காய்த் தோட்டங்கள். தோட்டம் கேரளாவில், வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பகுதி தேனி மாவட்டத்துப் பெண்கள். விடியும் முன்னால் தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறிப் போய், இருட்டும்போது திரும்பி வருவார்கள். அப்பா ஓட்டியது முதலாளியின் நீளச் சேஸிஸ் (அடிச்சட்டம்) மஹிந்திரா டீசல் ஜீப். மேலே தார்ப்பாய், பின்னால் இரண்டு பக்கமும் நீளவாக்கில் சீட்டு.

தார்ச்சாலை வரைக்கும் எந்த வண்டியும் போகும். சாலையிலிருந்து தோட்டத்துக்குள் இறங்கும் பாதைதான் விஷயம். உருண்டைக் கல்லும் செம்மண்ணும் கலந்த பாதை, மழைக்காலத்தில் அதுவே ஓடையாகிவிடும். நான் கல்லூரியில் படித்த காலத்தில் ஓர் ஐப்பசி மாதம் அப்பாவோடு போயிருந்தேன். காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் நேரம். பறித்த பச்சைக்காயை அன்றைக்கே ஸ்டோருக்குக் கொண்டுபோய் உலர்த்தியாக வேண்டும், மூட்டையிலேயே கிடந்தால் நிறம் போய்விடும், நிறம் போனால் விலை போய்விடும். மூட்டைகள் மேட்டில் இருந்த களத்தில் கிடந்தன. ஸ்டோர் கீழே. நடுவில் மழை அறுத்துப்போட்ட பாதை.

மூட்டைகளை ஏற்றி முடித்ததும் அப்பா வண்டியில் ஏறவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வளைவு வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அப்புறம் முன் சக்கரங்கள் இரண்டிலும் குனிந்து, நடுவில் இருக்கும் ஹப்பைக் கையால் திருப்பி லாக் செய்தார், அப்போதுதான் முன் சக்கரங்களுக்கும் இழுவை போகும். உள்ளே ஏறி இரண்டாவது லீவரைப் போட்டார். ஜீப்பில் கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லீவர் இருக்கும். அதுதான் நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுப்பது. அதிலேயே 'லோ' என்று ஒரு நிலை உண்டு. லோவில் போட்டு முதல் கியரைத் தட்டிவிட்டு, கிளட்சிலிருந்தும் பிரேக்கிலிருந்தும் காலை எடுத்துக் கீழே வைத்துக்கொண்டார். எனக்கு நெஞ்சு அடைத்தது. அவ்வளவு பாரத்தோடு, அவ்வளவு சரிவில், பிரேக்கில் கால் இல்லை! வண்டியோ ஆள் நடக்கிற வேகத்தில் உறுமிக்கொண்டே இறங்கியது. "பிரேக்கை மிதிச்சா சக்கரம் நின்னுரும்டா, வண்டி நிக்காது" என்றார் அப்பா.

அதன் கணக்கு எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. லோவில் போட்டால் சக்கரத்துக்குப் போகும் திருப்புவிசை சுமார் இரண்டரை மடங்கு கூடும், வேகம் அதே அளவு குறையும். ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதித்துக் கத்தவிட வேண்டியதில்லை. இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். சேற்றில் பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். எஞ்சின் பிடித்தால் சக்கரம் சுழன்றுகொண்டே இருப்பதால் ஸ்டியரிங் கைக்கு அடங்கும். அதோடு முன்னும் பின்னும் ஒரே கட்டையான ஆக்ஸில் (சக்கர அச்சு), கீழே பட்டை பட்டையாக லீஃப் ஸ்பிரிங். நீங்கள் முதுகு வலிக்கிறது என்று சொன்னீர்களே, அதற்குக் காரணம் இந்த லீஃப் ஸ்பிரிங்தான். ஆனால் பாரம் தாங்குவதும் அதுதான். மலையில் ஒரு பட்டை முறிந்தால் கட்டு போட்டு ஊர் வந்து சேர்ந்துவிடலாம்.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன். 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் உளவுப் பணிக்கு லேசான, நாலு சக்கர இழுவை உள்ள சின்ன வண்டி ஒன்று வேண்டும் என்று 135 கம்பெனிகளைக் கேட்டது. மாதிரி வண்டியை 49 நாளில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். உருப்படியாகப் பதில் சொன்னவை பேன்டம், வில்லிஸ் ஓவர்லேண்ட் என்ற இரண்டே கம்பெனிகள். கார்ல் பிராப்ஸ்ட் என்ற பொறியாளரை வைத்துக்கொண்டு பேன்டம்தான் கெடுவுக்குள் முடித்து, செப்டம்பர் 23 அன்று மேரிலாந்தில் இருந்த ஹோலபேர்ட் முகாமில் வண்டியை ஒப்படைத்தது. ராணுவத்துக்குப் பிடித்தும் போயிற்று. ஆனால் பேன்டம் சின்னக் கம்பெனி, இத்தனை வண்டி செய்து தர அவர்களால் முடியாது என்று சொல்லி, அந்த வடிவமைப்பை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டிவிட்டார்கள். வில்லிஸ் வண்டியில் இருந்த 60 குதிரைசக்தி எஞ்சின் மற்ற இரண்டையும்விட பலமானது. அதனால் பெரிய ஆர்டர் வில்லிஸுக்குப் போனது, ஃபோர்டும் வில்லிஸ் மாதிரியையே செய்து கொடுத்தது. போர் முடிவதற்குள் இரண்டு கம்பெனியும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்துவிட்டார்கள். முதலில் யோசித்துச் செய்த பேன்டம் இரண்டாயிரத்துச் சொச்சம் ஜீப்போடு நின்று, அப்புறம் டிரெய்லர் செய்யப் போய்விட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. உழைத்தவன் ஒருத்தன், பேர் வாங்கினவன் இன்னொருத்தன்.

1945-ல் வில்லிஸ் அதையே விவசாயிகளுக்கான வண்டியாக மாற்றி சிஜே-2ஏ என்று விற்றது. இன்றைக்கு ஜீப்பின் அடையாளம் என்று சொல்லும் ஏழு துளை முகப்பு இதோடு வந்ததுதான். ராணுவ வண்டியில் ஒன்பது துளைகள். ஜீப்பைப் பார்த்து மற்றவர்கள் செய்தவற்றின் பட்டியலே பெரிது. இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் ஒரு வில்லிஸ் ஜீப்பை வைத்திருந்தார், அதிலிருந்துதான் 1948-ல் லேண்ட் ரோவர் வந்தது. டொயோட்டா 1951-ல் செய்த பிஜே வண்டிதான் பிற்பாடு லேண்ட் குரூசர் ஆனது. லேண்ட் ரோவர் பிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அது மட்டமான வண்டி என்று நான் சொல்லவில்லை. மூலம் எது என்று மட்டும்தான் சொல்கிறேன். ஜீப் என்ற பெயரோ கைசர், ஏஎம்சி, கிரைஸ்லர், ஃபியட் என்று கைமாறி இப்போது ஸ்டெல்லான்டிஸிடம் இருக்கிறது. இத்தனை முதலாளி மாறியும் அந்த முகத்தை மாற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை.

இந்தியக் கதை எனக்கு இதைவிட நெருக்கம். 1945-ல் மஹிந்திரா சகோதரர்கள் ஜே.சி., கே.சி. இருவரும் குலாம் முகமதுவோடு சேர்ந்து மஹிந்திரா அண்ட் முகமது என்று இரும்பு வியாபாரம் தொடங்கினார்கள். பிரிவினை வந்தது. குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போனார், பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். கம்பெனி 1948-ல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. அந்தக் காலகட்டத்திலேயே வில்லிஸிடம் உரிமம் வாங்கி, பாகங்களை வரவழைத்து பம்பாயில் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு சிஜே-3பி மாடலை இங்கேயே செய்தார்கள். அமெரிக்காவில் அந்த மாடல் 1968-லேயே நின்றுபோனது. இங்கே அதன் வம்சம் ஓயவில்லை. 1980களில் பெஜோ டீசல் எஞ்சினோடு எம்எம் 540, அப்புறம் கமாண்டர், மேஜர், 2010-ல் தார், 2020-ல் புதிய தார் என்று தொடர்கிறது. எங்கள் பக்கம் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆட்களை ஏற்றிப் போவதும் இந்தப் பழைய ஜீப்புகள்தான். அந்தப் பாறைப் பாதையைப் பார்த்தவர்கள் தகர டப்பா என்று சொல்ல மாட்டார்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. இதே பழைய வடிவில் ராக்ஸர் என்ற வண்டியை மஹிந்திரா 2018-ல் அமெரிக்காவில் விற்கப் போனது. "எங்கள் ஜீப் மாதிரியே இருக்கிறது" என்று, அப்போது ஜீப் பெயரை வைத்திருந்த ஃபியட் கிரைஸ்லர் வழக்குப் போட்டது. 2020-ல் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் அதற்குத் தடை விதித்தது, முகப்பை மாற்றிச் செய்த பிறகுதான் விற்க விட்டார்கள். சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் அவர்கள் கைவிட்ட பிறகும் அந்த உருவத்தை உயிரோடு வைத்திருந்தது இந்த நாட்டு மெக்கானிக்குகளும் டிரைவர்களும்தான். அந்த உரிமை எந்தத் தீர்ப்பிலும் வராது.

நான் மஹிந்திராவுக்கு விளம்பரம் செய்யவில்லை, அந்தக் கம்பெனிக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பழைய ஜீப் பாதுகாப்பான வண்டி என்றும் சொல்ல மாட்டேன். ஏர்பேக் கிடையாது, பின் சீட்டில் பிடித்துக்கொள்ளக் கம்பி மட்டும்தான். அந்தக் குறையைப் புதிய தார் பெருமளவு தீர்த்துவிட்டது, குளோபல் என்கேப் என்ற அமைப்பின் மோதல் சோதனையில் ஐந்துக்கு நாலு நட்சத்திரம் வாங்கியது. இதே மாதிரி நாலு சக்கர இழுவை வண்டிகளான ஃபோர்ஸ் கூர்காவும் மாருதி ஜிம்னியும் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன. முன், பின் இரண்டு ஆக்ஸிலிலும் லாக் (ஒரு சக்கரம் வழுக்கினாலும் மறு சக்கரத்துக்கு இழுவை போக வைக்கும் பூட்டு) உள்ள கூர்கா சில இடங்களில் தாரைவிட நன்றாகவே ஏறும்.

பாதுகாப்பு என்றதும் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். மலையில் தொழிலாளர் ஜீப் கவிழ்ந்தால் மறுநாள் செய்தியில் "அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியதே காரணம்" என்று ஒரு வரி வரும். ஆட்களை அடைப்பது தப்புதான், யாரும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் ஏன் அதில் நெருக்கியடித்து ஏறுகிறார்கள்? மெயின் ரோட்டில் பஸ் போகும், தோட்டத்து வாசலுக்குப் போகாது. ஒரு ஜீப்புக்குப் பதில் இரண்டு ஜீப் அனுப்பினால் செலவு முதலாளி தலையில் விழும். டிரைவர் மறுத்தால் நாளைக்கு வேறு டிரைவர். எங்கள் தெருவில் ஓர் அக்கா அப்படிக் கவிழ்ந்த ஜீப்பிலிருந்து தப்பினார், இன்றைக்கும் ஒரு கையை முழுசாகத் தூக்க முடியாது. அவருக்கு இழப்பீடு என்று கடைசியில் வந்தது ஆஸ்பத்திரிச் செலவுக்கே போதவில்லை. டிரைவர் மேல் கேஸ், வண்டி ஸ்டேஷனில், தோட்டத்துக்காரர் பேர் எங்கேயும் வரவில்லை. அப்பா ஆள் கூடினால் வண்டியை எடுக்கவே மாட்டார். அதற்காக வாங்கிய திட்டும் இழந்த வேலையும் எங்களுக்குத்தான் தெரியும்.

இனி உங்கள் விஷயம். புதுசாக வாங்குவதென்றால் 2023-லிருந்து தார் பின் சக்கர இழுவை மட்டும் உள்ள வகையிலும் வருகிறது, விலையும் குறைவு. ஊருக்குள் ஓட்ட அது போதும். ஆனால் அதில் நான் மேலே சொன்ன இரண்டாவது லீவர் இருக்காது. அதை வாங்கிவிட்டு மலைப்பாதையில் இறக்காதீர்கள். பழைய எம்எம் 540 தேடுவதாக இருந்தால் பெயின்டைப் பார்த்து ஏமாறாமல் கீழே படுத்துச் சேஸிஸைப் பாருங்கள், ஸ்பிரிங் மாட்டும் இடங்களில் துரு அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா, அதில் இருக்கும் எஞ்சின் நம்பர்தான் வண்டியிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பழைய ஜீப்புகளில் எஞ்சின் மாறியிருக்கும். கடைசியாக ஒரு சரிவுக்குக் கொண்டுபோய் லோவில் முதல் கியர் போட்டு இறக்கிப் பாருங்கள். அந்த இரண்டாவது லீவர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தால், அது இயக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற கியர் பெட்டியைப் பிரித்து வேலை பார்க்கிற செலவையும் பேரத்தில் கழித்துக் கேளுங்கள்.