நிலத்தை விற்காதீர்கள், பாப்பாவின் வண்டுப் பெட்டியைப் பாருங்கள்

போன வாரம் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா, அம்மா, தாய்மாமன், நடுவில் இரண்டு முறை நீட் எழுதிவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பெண். அரசு இடத்துக்கு மதிப்பெண் போதவில்லை. மாமா ஏற்கெனவே ஏஜெண்டிடம் பேசி முடித்துவிட்டார்: வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ்., இருக்கிற ஒன்றரை ஏக்கர் நஞ்சையை விற்றால் முதல் மூன்று வருடம் ஓடிவிடும், மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நானும் முதலில் ஆறுதல்தான் சொன்னேன். அப்போது அந்தப் பெண் பையிலிருந்து ஒரு ஸ்வீட் பாக்ஸை எடுத்து என் மேஜையில் வைத்தாள். உள்ளே தெர்மாகோல், அதில் வரிசையாகக் குண்டூசிகள், ஒவ்வொரு ஊசியிலும் பழைய கல்யாணப் பத்திரிகையை முக்கோணமாக நறுக்கிக் குத்தி, அதன் கூர்முனையில் துளிப் பசை வைத்து ஒட்டிய ஒரு வண்டு. கீழே பென்சிலில் தேதி, இடம், 'மோட்டார் ரூம் டியூப்லைட், இரவு 8 மணி'. பாதிக்கு மேல் ரோவ் வண்டுகள். இறக்கை உறை குட்டையாக, முதுகின் பாதி வெளியே தெரிய, வாலைத் தேள் மாதிரி தூக்கும் பூச்சி. நம் வயலிலும் உண்டு. பீடரஸ் என்ற வகையை உடம்பில் வைத்து நசுக்கிவிட்டால் தோல் வெந்து கொப்புளம் வரும், ஆனால் அதே பூச்சிதான் நெல்லில் புகையான் என்ற தத்துப்பூச்சியைப் பிடித்துத் தின்கிறது. இதையெல்லாம் எனக்குச் சொன்னது அந்தப் பெண். அரை மணி நேரமாகத் திறக்காத வாய்!

அதற்குப் பிறகு நான் ஆறுதல் சொல்லவில்லை. அந்தப் பெற்றோரிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

நிலத்தை விற்காதீர்கள். வெளிநாட்டில் படித்து வந்தாலும் இங்கே எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தேறாமல் டாக்டராகப் பதிவு செய்ய முடியாது. ஆசையே இல்லாத பிள்ளையைக் கடன் சுமையோடு அந்தத் தேர்வின் முன்னால் நிறுத்துவது நியாயமில்லை. "பெண் பிள்ளை பூச்சி பிடித்துக்கொண்டு அலைவதா" என்று மாமா கேட்டார். படிக்கப்போவது அவள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று நான் திருப்பிக் கேட்டேன்.

உயிரினங்களை இனம் பிரித்துப் பெயர் வைக்கும் வகைப்பாட்டியல் என்று ஒரு வேலை இருக்கிறது, யாரும் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை. ஒரு உதாரணம். 1832-இல் டார்வின் அர்ஜென்டினாவின் பாயா பிளாங்காவில் ஒரு ரோவ் வண்டைப் பிடித்தார். அது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய் அங்கேயே பெயரில்லாமல் கிடந்தது. அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகத்தின் சட்டனூகா வளாகத்தில் இருக்கும் ஸ்டிலியானோஸ் சாட்சிமனோலிஸ் என்ற பூச்சியியலாளர் லண்டனிலிருந்து இரவலாக வாங்கிய வண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இது தெரிந்த எந்தப் பேரினத்திலும், அதாவது நெருங்கிய இனங்களின் எந்தக் கூட்டத்திலும், சேரவில்லை என்று கண்டுபிடித்தார். ரம்பப் பல் போன்ற உணர்கொம்பு, உலோகம் போல மின்னும் தலை. இன்னொன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் கிடைத்தது, அதுவும் அர்ஜென்டினாவில் பிடித்ததுதான். 2014 பிப்ரவரி 12, டார்வினின் பிறந்தநாளன்று, 'டார்வினிலஸ் செடாரிசி' என்று பெயர் வெளியானது. பின்பாதி டேவிட் செடாரிஸ் என்ற எழுத்தாளருக்காக; வண்டுகளைத் தயார் செய்யும்போது சாட்சிமனோலிஸ் அவருடைய ஒலிநூல்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாராம். 180 வருடத்துக்கு மேல் அந்த வண்டு ஒரு ஆளுக்காகக் காத்திருந்தது.

பெயர் வைப்பது கடைசி வேலை. அதற்கு முன் அந்தப் பேரினத்தில் இதுவரை எழுதப்பட்ட எல்லா இனங்களின் மூல மாதிரிகளையும் பார்க்க வேண்டும். காய்ந்த வண்டை வெந்நீரில் இளக்கி, நுண்ணோக்கியின் கீழே ஆண் உறுப்பைத் தனியே எடுத்து ஒப்பிட வேண்டும், ஏனென்றால் வெளியே அச்சு அசலாக இருக்கும் இரண்டு இனங்கள் பல நேரம் அங்கேதான் வேறுபடும். ஒரே வண்டுக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் வைத்திருந்தால் பொதுவாக முந்திய பெயரே நிற்கும். புதிது என்றால் ஒரு வண்டை ஹோலோடைப், அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி, என்று குறித்துப் பொது இடத்தில் பாதுகாக்கக் கொடுக்க வேண்டும். ஆணின் பெயரை வைத்தால் கடைசியில் 'இ', பெண்ணின் பெயர் என்றால் 'ஏ'. இதைச் சொன்னபோது அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

இந்திய ரோவ் வண்டுகளுக்கு இன்றும் எடுத்துப் பார்க்கிற பெரிய நூல் 1930-களில் மால்கம் கேமரன் எழுதிய தொகுதிகள்தான். அவர் கடற்படை மருத்துவர். அதற்குப் பிறகு செய்ய வேண்டியது மலையாகக் கிடக்கிறது, ஆட்கள்தான் இல்லை.

வழி? தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. விவசாயம், பிளஸ் டூ மதிப்பெண் போதும், நீட் வேண்டாம். பிறகு பூச்சியியலில் எம்.எஸ்சி. விவசாயத்தில் இடம் கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் விலங்கியல், பிறகு நெட் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகைத் தேர்வு; தேறினால் மாதம் 37,000 ரூபாய் வாங்கிக்கொண்டே முனைவர் பட்டம் படிக்கலாம். 1916-இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்குச் சென்னையிலேயே மண்டல மையம் இருக்கிறது, பெங்களூரில் வேளாண் பூச்சி வளங்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. துறைமுகங்களில் வரும் சரக்கில் என்ன பூச்சி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லவும் இந்தப் படிப்புதான் வேண்டும்.

ஒன்றையும் மறைக்க மாட்டேன். முனைவர் பட்டம் வரை பத்து வருடம் ஆகும், நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, நடுவில் ஒப்பந்த வேலைகளில் இருக்க வேண்டி வரலாம். அதனால்தான் விவசாயப் படிப்பை முதலில் சொல்கிறேன், ஆராய்ச்சி அமையாவிட்டாலும் வேளாண் அலுவலர் தேர்வு எழுதலாம். பெரிய பணம் கட்டி எங்கும் சேர்க்க வேண்டாம், தனியார் பயோடெக் உட்பட. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

இந்த வாரமே விண்ணப்பத்தைப் போடுங்கள். அந்த ஸ்வீட் பாக்ஸில் எறும்பு ஏறாமல் மூலையில் ஒரு நாப்தலின் உருண்டை வைத்துவிடுங்கள், அம்மா.